கென்டக்கி கூடைப்பந்து: எந்த ஆண்டு அணி பெரிய அணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்டக்கி என்றால் பொரித்த கோழிதானே? கூடைப்பந்து எங்கிருந்து வந்தது?

நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் கோழி வாளிதான் கண்முன் வரும், தப்பில்லை. அந்த மாநிலத்துக்காரரிடம் கேட்டால் குதிரைப் பந்தயம் என்பார், இல்லையென்றால் கூடைப்பந்து என்பார். லெக்சிங்டன் நகரில் இருக்கும் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி, வைல்ட்கேட்ஸ், 8 முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது: 1948, 1949, 1951, 1958, 1978, 1996, 1998, 2012. அதைவிட அதிகமாக வைத்திருப்பது 11 பட்டம் வாங்கிய கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் மட்டும்தான். மாநிலத்தில் என்பிஏ, அதாவது தொழில்முறை லீக்கின் அணி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் வளர்ந்த ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, 19 வயதுப் பையன்கள் பந்து போடுவதைப் பார்த்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஒரே கல்லூரியின் ரசிகர்கள் தங்களுக்குள் எதற்குச் சண்டை போடுகிறார்கள்?

கல்லூரி அணி வருஷத்துக்கு வருஷம் கலைந்து கூடும். படித்து முடித்தவன் போவான், என்பிஏ கூப்பிட்டவன் பாதியிலேயே போவான், புதுப் பையன்கள் வருவார்கள். ஒவ்வொரு ஆண்டும் தனி அணி, தனிக் குணம். அதனால் ரசிகர்கள் அணிகளை ஆண்டின் பெயராலேயே (நவம்பரில் தொடங்கும் சீசன் முடியும் ஆண்டு) கூப்பிடுவார்கள்: "தொண்ணூற்றாறு இருந்திருந்தால்", "பன்னிரண்டுக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்" என்று. இரண்டு தலைமுறை ஒரே சோபாவில் உட்கார்ந்தால் போதும், சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம்.

கோப்பை வாங்காத அணியைப் பட்டியலில் சேர்க்கலாமா?

எல்லாச் சண்டைக்கும் இதுதான் வேர். தேசியப் பட்டத்துக்கான மார்ச் மாதப் போட்டி ஒரு தோல்வியோடு முடிந்துவிடும் வகை. என்பிஏ மாதிரி ஏழு ஆட்டத் தொடர் கிடையாது. நாற்பது நிமிடம் சறுக்கினால் நாலு மாதப் பெருமையும் போச்சு. அப்படிப்பட்ட போட்டியில் தோற்றதை வைத்து ஓர் அணியைத் தள்ளுவது நியாயமா என்று ஒரு கட்சி. அந்த நாற்பது நிமிடத்தைத் தாண்டுவதுதானே பெரிய அணியின் வேலை என்று இன்னொரு கட்சி.

என் கணக்கு இதுதான்: கதவு திறந்திருந்து, உள்ளே போய்த் தோற்ற அணிக்கு முதல் இடம் இல்லை. கதவே சாத்தப்பட்ட அணிக்கு விலக்கு உண்டு. இந்த ஒரே விதியால் 2015 ஒரு பக்கமும் 1954 மறுபக்கமும் போய்விடுகின்றன. இரண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1954 அணிக்குக் கதவைச் சாத்தியது யார்?

இந்தக் கதை தெரியாமல் கென்டக்கி ரசிகன் ஆக முடியாது. அப்போது பயிற்சியாளர் அடால்ஃப் ரப். 1930 முதல் 1972 வரை 42 ஆண்டு, 876 வெற்றி. எப்போதும் பழுப்புக் கோட்டு. முந்தைய அணிகளின் முறைகேடுகளுக்கான தண்டனையாக 1952-53 சீசன் முழுவதும் கென்டக்கி எந்த அணியோடும் ஆட முடியவில்லை. கிளிஃப் ஹேகன், ஃபிராங்க் ராம்சி, லூ சியோரோபுலஸ் மூவரும் அந்த ஆண்டு பயிற்சி மட்டும் செய்தார்கள். கூடவே ஒழுங்காகப் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். அதுதான் பிறகு காலை வாரியது.

தண்டனை முடிந்து 1953 டிசம்பரில் வந்த முதல் ஆட்டத்தில் டெம்பிள் அணிக்கு எதிராக ஹேகன் 51 புள்ளி போட்டார். ஒரு வருஷக் கோபத்தை ஒரே ராத்திரியில் இறக்கி வைத்தது போல. அந்த மாதமே லா சால் அணியை 73-60 என்று வீழ்த்தினார்கள். கடைசியில் 25 ஆட்டம், 25 வெற்றி. ஆனால் பட்டம் வாங்கி மேற்படிப்புக்குப் போனவர்கள் தேசியப் போட்டியில் ஆடக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் அன்றைய விதி. மூன்று தூண்களும் ஒரே நேரத்தில் வெளியே. பாப் பெட்டிட் ஆடிய எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அணியை 63-56 என்று வென்று மாநாட்டுப் பட்டத்தை (மாநாடு என்றால் வட்டாரக் கல்லூரிகளின் லீக்) எடுத்த பிறகு, அந்த மூவர் இல்லாமல் அணியை அனுப்ப மாட்டேன் என்று ரப் மறுத்துவிட்டார். அந்த ஆண்டுக் கோப்பையை யார் தூக்கினார்கள் தெரியுமா? டிசம்பரில் இவர்களிடம் உதை வாங்கிய அதே லா சால்.

ஒரு தோல்விகூட இல்லாத அணி, கோப்பை வென்ற அணியையே அடித்த அணி. இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் என்ன நியாயம்? அதே சமயம், முதல் இடமும் தர எனக்குக் கை வரவில்லை. கறுப்பின வீரர்களைத் தென்மாநிலக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. எதிரே நின்றவர்களில் பாதித் திறமை மைதானத்துக்கே வரவில்லை. அந்தப் பையன்களின் குற்றம் இல்லை, ஆனால் ஒப்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

2015 அணி 38 ஆட்டம் தோற்காமல் போனதே, அதைவிடப் பெரிய அணி எது?

எண்ணை மட்டும் பார்த்தால் அதுதான். கார்ல் ஆன்டனி டவுன்ஸ், வில்லி காலி ஸ்டெய்ன், டெவின் புக்கர், ட்ரே லைல்ஸ், ஹாரிசன் இரட்டையர்கள், டைலர் யூலிஸ். உயரமான ஆட்கள் அத்தனை பேர் இருந்ததால் பயிற்சியாளர் ஜான் காலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி மாதிரி மாற்றி மாற்றி இறக்கினார். டிசம்பரில் சிகாகோவில் யுசிஎல்ஏவோடு நடந்த ஆட்டம் இன்றைக்கும் நம்ப முடியாதது. முதல் 24 புள்ளி கென்டக்கிக்கு, எதிரே பூஜ்யம். இடைவேளையில் 41-7. ஸ்கோர் போர்டு கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். கடைசியில் 83-44. கான்சஸை 72-40 என்று முடித்தார்கள். மார்ச் போட்டியில் வெஸ்ட் வர்ஜீனியாவை 78-39, அதாவது சரிபாதி.

ஆனால் அதே டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரஸ் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். இரண்டு ஐவர் என்ற ஏற்பாடு அத்தோடு குலைந்தது. அப்புறம் ஜனவரியில் ஓல் மிஸ் கூடுதல் நேரம் வரை இழுத்தது, டெக்சஸ் ஏ அண்ட் எம் இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்தது. நோட்ர டேம் ஆட்டம் 68-66. ஓட்டை இல்லாத பானை இல்லை அது, ரொம்பச் சின்ன ஓட்டை இருந்த பானை.

ஏப்ரல் 4, இண்டியானாபொலிஸ், அரையிறுதி. இந்தியாவில் அது ஞாயிறு விடிகாலை. நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன், டம்ளர் காலியானதே தெரியவில்லை. ஆட்டம் முடிய ஆறரை நிமிடம் இருக்கும்போது விஸ்கான்சினைவிட நாலு புள்ளி முன்னால். அதன் பிறகு பந்தைப் பிடித்துப் பிடித்து ஆடினார்கள். அன்று ஷாட் கிளாக் 35 நொடி, அந்த நேரத்துக்குள் எறியாமல் வரிசையாக மூன்று முறை பந்தை இழந்தார்கள். அடித்து நொறுக்கியே பழகிய அணிக்கு நெருக்கடியில் யார் கையில் பந்து இருக்க வேண்டும் என்பது தெரியவில்லை. 71-64. அடுத்த சீசனில் ஷாட் கிளாக்கை 30 நொடியாகக் குறைத்துவிட்டார்கள், அது வேறு கதை.

2015 அணியின் ரசிகர்கள் "ஒரே ஒரு ஆட்டம்தானே" என்பார்கள். அந்த ஒரு ஆட்டத்தில் வென்றிருந்தால்கூட இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது, அதை மறந்துவிடுகிறார்கள். 1976 இண்டியானாவுக்குப் பிறகு தோல்வியே இல்லாமல் கோப்பை தூக்கிய அணி கிடையாது. அந்தக் கதவு இவர்களுக்கு அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே போய் வாசலில் தடுக்கி விழுந்தார்கள்.

1996 அணியை ஏன் எல்லாரும் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்?

அந்த அணிக்கு ஆங்கிலத்தில் ஒரு செல்லப்பெயர் உண்டு. அதைத் தமிழில் நேராகச் சொன்னால் நம் சமூகத்தின் ஓர் அசிங்கமான சொல் வந்து நிற்கும், அதனால் சொல்லவில்லை. அவர்கள் சொல்ல நினைத்தது "யாரும் கிட்ட நெருங்க முடியாதவர்கள்" என்பதுதான்.

34 வெற்றி, 2 தோல்வி. பயிற்சியாளர் ரிக் பிட்டினோ. டோனி டெல்க், ஆன்ட்வான் வாக்கர், வால்டர் மெக்கார்ட்டி, டெரெக் ஆண்டர்சன், ரான் மெர்சர், மார்க் போப், ஜெஃப் ஷெப்பர்ட், வேன் டர்னர், நஸ்ர் முகமது. இந்த ஒன்பது பேரும் பிறகு என்பிஏவில் ஆடினார்கள். இதில் வேடிக்கை, பந்தை எடுத்துப் போய் ஆட்டத்தை நடத்திய ஆண்டனி எப்ஸ் அந்த ஒன்பதில் இல்லை. நவம்பரில் மாசசூசெட்ஸ் அணியிடம் 92-82 என்று தோற்றபோது பந்தை நடத்தும் அந்தப் பாயிண்ட் கார்டு வேலையை டெல்க் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பிட்டினோ பந்தை எப்ஸ் கையில் கொடுத்து, டெல்கை எறிவதற்கு மட்டும் விட்டார். அடுத்து 27 ஆட்டம் தொடர் வெற்றி. பெரிய அணிகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நட்சத்திரங்களை எண்ணுகிறார்கள். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் ரொம்பப் பிடிக்கும். கென்டக்கி மண்ணில் பிறந்த, பெரிய பெயர் இல்லாத ஒருவன் ஓரமாக வந்து நின்றதும் மற்ற எல்லாரும் அவரவர் இடத்தில் பொருந்திவிட்டார்கள்.

ஆட்டமுறை என்ன? முழு மைதானப் பிரஸ். எதிரணி பந்தை உள்ளே போடும்போதே மேலே விழுவது. பத்துப் பேர் தயாராக இருந்ததால் யாரும் மூச்சு வாங்கத் தேவையில்லை. ஜனவரியில் எல்எஸ்யுவின் சொந்த அரங்கில் முதல் பாதியில் மட்டும் 86 புள்ளி. கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதி என்பது 20 நிமிடம். நிமிடத்துக்கு நாலு புள்ளிக்கு மேல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிவு 129-97.

மார்ச் போட்டியில் முதல் நாலு ஆட்டத்தையும் 20 புள்ளி அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்கள். யூட்டாவை 101-70, டிம் டங்கன் ஆடிய வேக் ஃபாரஸ்டை 83-63. அரையிறுதியில் மாசசூசெட்ஸிடம் பழைய கடனைத் தீர்த்தார்கள், 81-74. இறுதியில் சிராக்யூஸ், 76-67. டெல்க் தூரக் கோட்டுக்கு வெளியே இருந்து போடும் மூன்று புள்ளி எறிகள் ஏழோடு 24 புள்ளி. பெஞ்சில் இருந்து எழுந்து வந்த முதலாண்டு மாணவர் மெர்சர் 20. வேறெந்தக் கல்லூரியிலும் அவர்தான் நாயகனாக இருந்திருப்பார்.

அப்படியானால் அந்த இரண்டு தோல்வி?

ஒன்று மேலே சொன்ன நவம்பர் ஆட்டம். இன்னொன்று மாநாட்டுப் போட்டியின் இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம், 84-73. இரண்டாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2012 அணியும் அதே மாநாட்டு இறுதியில்தான் வேண்டர்பில்ட்டிடம் தோற்றது. பெரிய போட்டிக்கு முன்னால் ஒரு குட்டு வாங்கினால் நல்லது என்று லெக்சிங்டன் பெரிசுகள் சொல்வதுண்டு. 2015 அணி அந்தக் குட்டை வாங்கவே இல்லை.

2012 அணியின் பலம் என்ன?

ஒரே பெயர்: ஆண்டனி டேவிஸ். மீதிப் பேர் ஒன்றும் சாதாரணம் இல்லை. மைக்கேல் கிட் கில்கிறிஸ்ட், டெரன்ஸ் ஜோன்ஸ், டோரன் லாம்ப், மார்க்விஸ் டீக், டேரியஸ் மில்லர் எல்லாரும் அந்த ஆண்டு என்பிஏ டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) போனார்கள். முதல் இரண்டு இடமே டேவிஸ், கிட் கில்கிறிஸ்ட். ஒரே கல்லூரியில் இருந்து முதல் இரண்டு பேரும் போனது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அந்த அணியின் அச்சாணி, இரு புருவமும் ஒன்றாகச் சேர்ந்த டேவிஸ்தான்.

இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், எதிரே கான்சஸ். டேவிஸ் பத்து முறை எறிந்து ஒன்றே ஒன்றுதான் உள்ளே போனது. மொத்தம் 6 புள்ளி. அப்படி ஆடிய ஒருவருக்கு கடைசி நாலு அணிக் கட்டத்தின் சிறந்த வீரர் விருதைக் கொடுத்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. 16 ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடிப்பது), 6 பிளாக் (எறியைத் தட்டிவிடுவது), 5 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்), 3 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது). கான்சஸ் ஆட்கள் வளையத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தலையைத் தூக்கி அவர் எங்கே என்று ஒரு தரம் பார்ப்பார்கள். அந்த அரை நொடித் தயக்கத்தை எந்தப் புள்ளிவிவரமும் பிடிக்காது. 67-59 என்று வென்றார்கள். புள்ளிகளை லாம்ப் பார்த்துக்கொண்டார், 22.

அந்தப் போட்டியில் ஆறு ஆட்டமும் குறைந்தது 8 புள்ளி வித்தியாசம். மொத்த சீசனில் 38 வெற்றி, 2 தோல்வி. முதல் தோல்வி இண்டியானாவில், கடைசி நொடியில் கிறிஸ்டியன் வாட்ஃபோர்ட் போட்ட மூன்று புள்ளி எறியால், 73-72. மார்ச்சில் அதே இண்டியானா எதிரே வந்தபோது 102-90.

இரண்டும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

2012 கட்சியின் வாதம்: 1996 அணியிடம் டேவிஸை நிறுத்த ஆள் இல்லை. வாக்கரும் மெக்கார்ட்டியும் நெட்டையானவர்கள்தான், ஆனால் வளையத்துக்கு மேலே நடக்கும் சண்டையில் டேவிஸ் வேறு மாடியில் இருப்பவர். அதோடு, உயரம் கூடுவதற்கு முன்னால் பள்ளியில் கார்டாக, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போகும் குட்டையான ஆட்களின் இடத்தில், ஆடிப் பழகியவர் அவர். பிரஸ்ஸுக்கு நடுவே அவரிடம் பந்தைக் கொடுத்தால் தானே தட்டிக்கொண்டு வந்துவிடுவார். இது நல்ல வாதம், நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் சொல்வார்கள்: 1996இல் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம், 2012இல் அதைவிட ஓர் அடி தள்ளி. டெல்க் எறிந்தது எல்லாம் கொஞ்சம் சலுகை விலை.

1996 கட்சியின் வாதம்: 2012 அணியில் நம்பி இறக்கக்கூடியவர்கள் ஏழே பேர். அதில் முதலாண்டு மாணவர்களே நாலு பேர், பந்தை நடத்தும் டீக்கும் அதில் ஒருவர். பத்துப் பேர் மாறி மாறி நாற்பது நிமிடம் மேலே விழுந்தால் டீக் முதல் பாதியைத் தாண்டுவார், இரண்டாம் பாதியில் கால் தளரும். டேவிஸுக்கு இரண்டு ஃபவுல் சீக்கிரமே விழுந்து அவர் பெஞ்சுக்குப் போனால்? பதிலுக்கு வரும் கைல் வில்ட்ஜர் நன்றாக எறிவார், ஆனால் மெர்சர் ஓடி வரும்போது அவரால் தடுக்க முடியாது.

நான் 1996 பக்கம். ஒரே ஆட்டம் என்றால் 2012 ஜெயித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஏழு ஆட்டம் என்றால் 1996 அணிக்கு நாலு. ஓர் ஆள் சறுக்கினால் குலையும் அணியைவிட, எந்த ஆள் சறுக்கினாலும் பெஞ்சில் பதில் இருக்கும் அணி பெரிது என்பது என் கட்சி. மெர்சரையே பெஞ்சில் உட்கார வைத்த அணி அது.

இரண்டு பயிற்சியாளர்களும் நேருக்கு நேர் மோதியதே இல்லையா?

மோதினார்களே, அதுவும் சரியாக அந்த இரண்டு ஆண்டிலும். 1996 அரையிறுதியில் தோற்ற மாசசூசெட்ஸின் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, ஜான் காலிபாரிதான். பதினாறு ஆண்டு கழித்து 2012 அரையிறுதியில் கென்டக்கி பெஞ்சில் காலிபாரி. எதிரே, மாநிலத்துக்குள்ளேயே பரம எதிரியான லூயிவில். அதன் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ. 69-61. அவரவர் கென்டக்கியில் இருந்தபோது மற்றவரை அரையிறுதியில் அனுப்பிவைத்துவிட்டுத்தான் கோப்பை தூக்கினார்கள். இப்படி ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டு போனால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

1948 அணி ஒலிம்பிக் தங்கமே வாங்கியதே?

வாங்கியது. அலெக்ஸ் குரோசா, ரால்ஃப் பியர்ட், வாலஸ் ஜோன்ஸ், கிளிஃப் பார்க்கர், கென்னி ரோலின்ஸ் ஆகிய ஐவர். 36 வெற்றி, 3 தோல்வி. தேசியப் பட்டம் வாங்கிய கையோடு ஐவரும் அமெரிக்க அணியில் சேர்ந்து 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். பார்க்கர் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்தவர். முகாமில் கிடைத்த ஒரு வாலிபாலை வைத்துப் பழகித்தான் பந்து வித்தையைத் தேற்றினார் என்பார்கள்.

அன்று தேசியப் போட்டியில் 8 அணிதான், மூன்று ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். 1951இல் குரோசாவும் பியர்ட்டும் கைதானார்கள். 1949இல் லயோலாவிடம் தோற்ற ஓர் ஆட்டத்தில் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடச் சூதாடிகளிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார்கள். என்பிஏ இருவரையும் ஆயுளுக்கும் தள்ளிவைத்தது. 1948 சீசனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாடலாம். ஆனாலும் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

1978?

நல்ல அணி, 30 வெற்றி, 2 தோல்வி. இறுதியில் லெக்சிங்டன் பையன் ஜாக் கிவன்ஸ் டியூக் மேல் 41 புள்ளி போட்டார், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில். ஆனால் சீசன் தொடங்கும்போதே ஜெயித்தே தீரவேண்டும் என்று தலையில் பாறாங்கல்லை வைத்துவிட்டதால், பயிற்சியாளர் ஜோ பி. ஹாலின் பையன்கள் சிரித்து ஆடியதாக யாருக்கும் நினைவில்லை. எனக்கு நாலாவது இடம்.

1998, 1958, மற்ற பட்டங்கள்?

1998 அணி ரசிகர்களுக்கு நெஞ்சுவலி கொடுத்து ஜெயித்த அணி. டியூக்கிடம் 17 புள்ளி பின்தங்கி மீண்டது, இறுதியில் யூட்டாவிடம் இடைவேளையில் 10 பின்தங்கி மீண்டது. பார்க்க அதைப்போல விருந்து இல்லை. ஆனால் மிகப் பெரிய அணி என்றால் அவ்வளவு அடிக்கடி பின்தங்கியிருக்காது. 1958 அணி ஆறு தோல்வியோடு கோப்பை தூக்கியது, எல்ஜின் பெய்லர் ஆடிய சியாட்டிலை இறுதியில் வென்றது. 1949, 1951 இரண்டையும் இந்த விவாதத்தில் யாரும் முன்வைத்து நான் பார்த்ததில்லை.

ஜான் வால் ஆடிய 2010 அணியை ஏன் சொல்லவில்லை?

வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு எதிராக 32 மூன்று புள்ளி எறியில் நாலே நாலு உள்ளே போட்டுக் காலிறுதியோடு வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான்.

1966 அணியை ரசிகர்கள் ஏன் தயங்கித் தயங்கிப் பேசுகிறார்கள்?

பாட் ரைலி, லூயி டாம்பியர் ஆடிய, நெட்டையான ஆளே இல்லாத குட்டை அணி. 27 வெற்றி, 2 தோல்வி. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அழகான அணி. ஆனால் இறுதியில் அவர்களை 72-65 என்று வென்ற டெக்சஸ் வெஸ்டர்ன் ஐந்து கறுப்பின வீரர்களைத் தொடக்க அணியாக இறக்கியது. கென்டக்கி முழுக்க வெள்ளையர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டையே திருப்பிப்போட்ட ஆட்டம் அது, இவர்கள் நின்றது எதிர்ப்பக்கம். ரப்பின் அணியில் முதல் கறுப்பின வீரர் டாம் பெய்ன் ஆடியது 1970-71இல்தான். தயக்கத்துக்குக் காரணம் புரிந்திருக்கும்.

1992 அணி கோப்பையே வாங்கவில்லை. அவர்கள் ஜெர்சியை ஏன் அரங்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள்?

பெரிய அணி வேறு, செல்ல அணி வேறு. 1989இல் விதிமீறலுக்காக என்சிஏஏ கென்டக்கியைத் தண்டித்தது. இரண்டு ஆண்டு மார்ச் போட்டி கிடையாது, ஓர் ஆண்டு நேரடி ஒளிபரப்பும் கிடையாது. நல்ல வீரர்கள் பலர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஜான் பெல்ஃப்ரி, ரிச்சி ஃபார்மர், டெரான் ஃபெல்ட்ஹாஸ், ஷான் வுட்ஸ் நால்வரும் போகவில்லை. வுட்ஸைத் தவிர மூவரும் கென்டக்கியின் சிற்றூர்ப் பையன்கள்.

நாலாம் ஆண்டில், 1992 மார்ச் 28, பிலடெல்ஃபியாவில் டியூக்கோடு காலிறுதி. கூடுதல் நேரத்தில் வுட்ஸ் எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழ, கென்டக்கி 103-102. மீதி 2.1 நொடி. கிராண்ட் ஹில் மைதானத்தின் முக்கால் நீளத்துக்குப் பந்தை வீசினார். யாரும் குறுக்கே நிற்கவில்லை. கிறிஸ்டியன் லேட்னர் பிடித்தார், ஒரு தட்டு தட்டினார், திரும்பினார், எறிந்தார். 104-103. அவர் அந்த ஆட்டத்தில் கூடையை நோக்கி எறிந்த பத்தும் உள்ளே, ஃப்ரீ த்ரோ பத்தும் உள்ளே. அதே ஆட்டத்தில் கீழே விழுந்து கிடந்த கென்டக்கி வீரர் அமினு டிம்பர்லேக்கின் நெஞ்சில் காலால் மிதித்துவிட்டும் மைதானத்தில் இருந்தவர். லெக்சிங்டனில் அந்த ஆள் பெயரைச் சொல்லிப் பாருங்கள், டீ கூட வராது.

தோற்ற அந்த நாலு பேரின் ஜெர்சிகளைத்தான் சில நாட்களிலேயே மேலே ஏற்றினார்கள். பட்டியலில் எனக்கு இவர்கள் எங்கும் இல்லை. வீட்டுச் சுவரில் ஒரே ஓர் அணியின் படம் மாட்டு என்றால் இவர்களைத்தான் மாட்டுவேன்.

புதிதாகப் பார்ப்பவன் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

1996 எல்எஸ்யு ஆட்டத்தின் முதல் பாதி. அப்புறம் 2011 டிசம்பரில் நார்த் கரோலினாவை 73-72 என்று வென்ற ஆட்டத்தின் கடைசி நிமிடம், ஜான் ஹென்சன் எறிந்ததை டேவிஸ் தடுக்கும் இடம். மனசு கெட்டியாக இருந்தால் மட்டும் 1992.

கடைசியாக, உங்கள் வரிசை?

1996, 2012, 1954, 1978, 2015. ஐந்தாவது இடத்துக்காக என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் இடத்தைப் பற்றி வாதாட வேண்டுமானால் லெக்சிங்டனுக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரலில் காலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனதும் கென்டக்கியின் பயிற்சியாளராக வந்தவர் 1996 அணியின் கேப்டன் மார்க் போப். அவரை அறிமுகப்படுத்திய அன்று ஆட்டமே இல்லாத நாளில் அணியின் சொந்த அரங்கான ரப் அரீனா நிரம்பி வழிந்தது.